டோல்மா கடை உப்பு டீ

எங்கள் கடை வாசலில் நின்று தெற்கே பார்த்தால் கோடைக்கானல் மலை தெரியும். ஐம்பத்திரண்டு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். ஒரு நாளும் அதில் ஏற வேண்டும் என்று தோன்றியதில்லை. பழனிக்கு ஊர் ஊரிலிருந்து ஆள் வருகிறது. பழனிக்காரன் எதற்கு இன்னொரு மலைக்குப் போக வேண்டும்? எனக்குக் கோடைக்கானலும் லண்டனும் ஒன்றுதான். அங்கே போகிற தலையெழுத்து என் தம்பி சுந்தரத்தால் வந்தது.

அடிவாரத்தில் எனக்கு ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை. அப்பா வைத்தது. நான் முன்னால் நின்று பரிமாறுவேன், சுந்தரம் பின்னால் அடுப்பில் நிற்பான். அவன் என்னைவிடப் பதினாலு வயசு சின்னவன். போன வைகாசியில் எங்களுக்குள் ஒரு தகராறு. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவன் போனவன்தான். எட்டு மாசமாக ஒரு கார்டு கூடக் கிடையாது. வேறு சமையல்காரர்கள் ஒருத்தரும் என்னிடம் நிலைக்கவில்லை. நானே அடுப்பில் நின்றேன். முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. தைப்பூசம் வேறு வருகிறது. பாதயாத்திரைக் கூட்டம் வந்து இறங்கிவிட்டால் பந்திக்கு மேல் பந்தி. இவன் வராவிட்டால் கடையைச் சாத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

கோடைக்கானலுக்கு மேலே பூம்பாறையிலிருந்து எங்களுக்குப் பூண்டு கொண்டுவருகிறவர்தான் துப்புச் சொன்னார். “உங்க தம்பி கோடையிலதான் இருக்காரு. பஜார்ல ஒரு சீனாக்காரி கடையில மாவு பெசைஞ்சுக்கிட்டு இருக்காரு.”

சீனாக்காரன் சண்டை முடிந்து மூன்று நாலு வருஷம்கூட ஆகவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் ஆயக்குடிக் கொய்யா ஒரு கூடை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கொய்யா என்றால் அவனுக்கு உயிர்.

பஸ் மலை ஏற ஆரம்பித்ததும் எனக்கு முன் சீட்டு அம்மாள் ஜன்னலுக்கு வெளியே விட்ட தலையைக் கடைசி வரை உள்ளே எடுக்கவில்லை. பாதி வழியில் என்ஜின் கொதித்து வண்டி நின்றுவிட்டது. கண்டக்டர் சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். டிரைவர் முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டு, பாறை மேல் சாவகாசமாக உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

“எப்பங்க கெளம்பும்?” என்று கேட்டேன்.

“அது ஆறணும்ல, பெரியவரே. மனுசனாட்டம் அதுக்கும் ஓய்வு வேணாமா?”

பஸ்ஸுக்குக் கிடைக்கிற ஓய்வு எனக்குக் கிடைக்கவில்லையே என்று இருந்தது. கொய்யா வாசனை பிடித்து பின் சீட்டில் இரண்டு பேர் என் கூடையையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். கொடுக்காமல் இருக்க முடியுமா? மலை ஏறி முடிப்பதற்குள் கூடை பாதியாகிவிட்டது.

இறங்கினால் ஒரே மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. வேட்டி கட்டிய மனுஷன் போகிற ஊரா அது! பல் கிட்டிப்போய், விசாரித்து விசாரித்துப் பஜாரில் காதர் பாயின் பலசரக்குக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் இடத்தில்தான் அந்தச் சீனாக்காரி கடை இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

“சுந்தரத்தோட அண்ணனா? மூக்கப் பாத்தாலே தெரியுதே! வாங்கண்ணே, குளுருல நிக்காதீங்க,” என்றார் பாய்.

“இங்க அந்தச் சீனாக்காரி…”

“அட, மெதுவா! அவுங்க காதுல விழுந்தா மனசு ஒடஞ்சு போவாங்க. சீனா இல்லண்ணே, திபெத்து. சீனாக்காரனுக்குப் பயந்துதான் மலை மலையா நடந்து ஓடியாந்திருக்காங்க. வாசல்ல கம்பளிச் சட்டை வித்தாங்க, உள்ள தங்களுக்குன்னு சமைச்சாங்க. வாசம் புடிச்சு பஜார் சனம் உள்ள பூந்துருச்சு. இப்பக் கடையாயிப் போச்சு. என் கடைக்குப் பின்னால கெடக்குற உருளைக்கெழங்கு குடோனத்தான் குடுத்திருக்கேன். போங்க, தம்பி உள்ளதான் இருக்கான்.”

குடோனுக்குப் பலகை கிடையாது, பெயர் கிடையாது. வாசலில் நாலைந்து கம்பளிச் சட்டைகள் தொங்கின. உள்ளே மூன்று மேசை, சுற்றிலும் பெஞ்சுப் பலகை, நடுவில் கனல் அடுப்பு. அடுப்புக்குப் பக்கத்தில் நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மாள். கன்னம் இரண்டும் சிவந்து, காதில் பச்சையும் நீலமுமாக ஒரு கல், இடுப்பில் பட்டை பட்டையாகக் கலர் போட்ட கம்பளித் துணி. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, “ஏலே! வா! ஒக்காருலே!” என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். என் வயசென்ன, இவள் என்னை ஏலே போடுவதா? அதற்குள் கை முழுக்க மாவோடு சுந்தரம் பின்பக்கமிருந்து வந்தான். இளைத்திருந்தான், ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. என்னைப் பார்த்ததும் அது போய்விட்டது.

“கோவிச்சுக்கிடாதீங்கண்ணே. டோல்மாக்கா மூட்டை தூக்குறவங்க கிட்டத் தமிழ் கத்துக்கிட்டாங்க. ஏலேன்னா மரியாதைன்னு நெனைச்சுக்கிட்டு இருக்காங்க. போன வாரம் பாதிரியாரையே ஏலேன்னாங்க.”

எட்டு மாசத்துக்கு அப்புறம் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான். கூடையை நீட்டினேன். வாங்கி மோந்து பார்த்தான். “ஆயக்குடியா?” என்றான். “ஆமா,” என்றேன்.

அந்த அம்மாள் ஒரு பீங்கான் கிண்ணத்தில் டீ கொண்டுவந்து வைத்தாள். குளிரில் வந்தவன், ஆசையோடு வாயில் வைத்தேன். அய்யோ! சர்க்கரைக்குப் பதில் உப்பு. மேலே வெண்ணெய் கண் கண்ணாக மிதக்கிறது. டீத்தூளை மணிக்கணக்கில் கொதிக்க வைத்து, உப்பும் வெண்ணெயும் போட்டு, மூங்கில் குழாய்க்குள் ஊற்றிக் கட்டையால் இடித்துக் கலக்குகிறார்கள். அவர்கள் ஊரில் இதைக் குடித்தால்தான் உடம்பில் சூடு நிற்குமாம்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். சாப்பிடுகிற எதிலும் மிச்சம் வைத்தால் எனக்குப் பொறுக்காது. எங்கள் கடையில் இலையில் ஒரு பருக்கை கிடந்தால், எழுந்திருக்கிறவர் கலெக்டரானாலும் தோளை அழுத்தி உட்காரவைப்பேன். சமைத்தவன் கையை அவமானப்படுத்தலாமா? அப்பா போட்ட சட்டம் அது. ஆகவே மூக்கைப் பிடித்துக்கொண்டு மடக் மடக்கென்று குடித்து, கிண்ணத்தைக் காலி செய்தேன். வைத்த அடுத்த நொடி அந்த அம்மாள் மறுபடி நிரப்பிவிட்டாள். குடித்தேன். மறுபடி நிரப்பினாள். “குடி, குடிலே!” என்கிறாள் சிரிப்போடு. ஐந்தாவது கிண்ணத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சுந்தரம் ஓடிவந்தான். “அண்ணே, காலி பண்ணாதீங்க! கிண்ணம் காலியா இருந்தா இன்னும் வேணும்னு கேக்குற மாதிரி. போதும்னா அப்படியே நெறையா விட்டுறணும்.”

“மிச்சம் வைக்கிறதா மரியாதை?”

“இவங்களுக்கு அப்படித்தாண்ணே.”

என்ன ஊரோ, என்ன வழக்கமோ என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆறாவது கிண்ணத்தை அப்படியே விட்டேன். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அன்று ராத்திரி, பஜாருக்குச் சற்றுத் தள்ளி சுந்தரம் வாடகைக்கு இருந்த அறையில் படுத்தேன். மூன்று கம்பளி போர்த்தியும் குளிர் விடவில்லை. வெள்ளனே எழுந்து இரண்டு பேரும் பனியில் நடந்தே பஜாருக்கு வந்தோம். வழியெல்லாம் அவன் எனக்கு முன்னால் பத்தடி போவான், நின்று திரும்பிப் பார்ப்பான், நான் பக்கத்தில் வந்ததும் மறுபடி நடப்பான்.

இரண்டாம் நாள் முழுக்க மூலைப் பலகையில் உட்கார்ந்து அந்தக் கடையைக் கவனித்தேன். சாப்பாட்டுக் கடைக்காரன் இன்னொரு சாப்பாட்டுக் கடைக்குப் போனால் சும்மா இருக்க முடியாது, குற்றம் கண்டுபிடித்தாக வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், அதிகம் கிடைக்கவில்லை. பாத்திரமெல்லாம் பளிச்சென்று இருந்தது. மாமிசம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதற்கு வேறு சட்டி, வேறு அடுப்பு. மற்ற நாளெல்லாம் காய்கறி. முட்டைக்கோஸும் காரட்டும் பூண்டும் பொடிப்பொடியாக நறுக்கி, மைதா மாவில் வைத்து மடித்து ஆவியில் வேகவைக்கிறார்கள். மோமோ என்று பெயர். கொழுக்கட்டைதான், வெல்லம் இல்லாத கொழுக்கட்டை. அதன் வாயைச் சுருக்கு வைத்து மூடுவதில் சுந்தரத்தின் விரல்கள் என்ன வேகம்! என் கடையில் இவன் இப்படிச் சிரித்துக்கொண்டு வேலை செய்து நான் பார்த்ததில்லை.

பெரிய பானையில் சூப் கொதித்துக்கொண்டே இருந்தது. பூம்பாறைப் பூண்டு மூட்டைக்காரர் இன்னொருத்தர் வந்து உட்கார்ந்து, உறிஞ்சி முடித்துவிட்டு, “நான் வெளைவிச்ச பூண்டு எனக்கே இன்னைக்குத்தான் ருசியாத் தெரியுது,” என்றார். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருத்தர் மப்ளரைக் கழற்றாமலே என் பக்கம் திரும்பி, “சார், நீங்க நியூவா? இந்த சூப்பைத் தைரியமா டேஸ்ட் பண்ணுங்க. கோல்டுக்கு இதைவிட மெடிசின் கிடையாது,” என்றார்.

சுவரில் ஒரு சின்ன அலமாரி. அதில் ஒரு மரக் கிண்ணம் நிறைய டீ. வெண்ணெய் உறைந்து மேலே ஏடு கட்டியிருந்தது. காலையில் அடுப்பு மூட்டியதும் டோல்மா அதை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்னால் பேரிக்காய் மரத்தடியில் கொட்டினாள். கழுவினாள். புது டீயில் முதல் டீயை அதில் நிறைய ஊற்றி மறுபடி அலமாரியில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு.

“அது யாருக்குடா?”

“அவங்க வீட்டுக்காரருக்கு. கம்பளிச் சட்டை விக்க மதுரைப் பக்கம் போயிருக்காரு.”

“வர எத்தனை நாளாகும்?”

“ஒரு மாசமாவது ஆகும்.”

ஒரு மாசம் கழித்து வரப்போகிறவருக்குத் தினம் ஒரு கிண்ணம் டீ! மரத்துக்கு வெண்ணெய் டீ ஊற்றுகிற கடையை நான் அங்கேதான் பார்த்தேன். வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். அலுப்பு, கேட்கவில்லை.

மத்தியானம் டோல்மா மாவை ஒரு நாடா மாதிரி இழுத்து, கொதிக்கிற சூப்பில் கையால் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். சுந்தரம் மறுபக்கம் நின்று கிள்ளிப் போட்டான். வைகாசியில் எங்களுக்குள் வந்த தகராறே இப்படி மாவைக் கிள்ளிப் போட்டதால்தான்.

அரிசிக்குத் திண்டாட்டமாக இருந்த நேரம் அது. ஒரு நாள் அரிசி வந்து சேரவில்லை. பந்தி காத்துக்கொண்டிருக்கிறது. சுந்தரம் என்னைக் கேட்காமல் கோதுமை மாவைப் பிசைந்து, காய்கறிக் கொதியில் கிள்ளிப் போட்டு என்னவோ ஒன்று செய்து கொண்டுவந்தான். “பழனியில அப்பா பேர்ல இருக்குற கடையில இந்தக் கஞ்சியையா போடுவ?” என்று பந்திக்கு முன்னாலேயே கத்தினேன். அண்டாவைத் தூக்கிக்கொண்டுபோய் மாட்டுக் கழுநீர்த் தொட்டியில் கொட்டினேன். ஒரு பருக்கை மிச்சம் வைத்தால் பொறுக்காதவன் ஓர் அண்டாவைக் கொட்டினேன். அவன் துண்டை எடுத்தான்.

சுந்தரம் இங்கே வந்து கூலி வேலைக்கு அலைந்த நாளில், மழைக்கு ஒதுங்கியவன் இந்த அம்மாள் அதே மாதிரி மாவைக் கிள்ளிப் போடுவதைப் பார்த்திருக்கிறான். கேட்காமலே கையைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் நின்று கிள்ள ஆரம்பித்துவிட்டானாம். காதர் பாய்தான் இதை எனக்குச் சொன்னார். அந்த மத்தியானம் சூப்பில் ஒரு கிண்ணம் எனக்கும் வைத்தான். குடித்தேன். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

“தைப்பூசம் வருதுடா,” என்று மட்டும் சொன்னேன்.

“தெரியும்ணே,” என்றான். அவ்வளவுதான்.

மூன்றாம் நாளும் அப்படியே போனது. பனி விலகவில்லை, அவன் வாயும் திறக்கவில்லை. இனிமேல் இங்கே உட்கார்ந்து பயனில்லை, வந்த வழியே போக வேண்டியதுதான் என்று சாயங்காலம் பலகையை விட்டு எழுந்தேன். எழுந்தேன் என்று சொல்கிறேனே தவிர, எழ முடியவில்லை. குளிரில் முழங்கால் இரண்டும் கட்டை மாதிரி இறுகிவிட்டது. மேசையைப் பிடித்துத் தம் கட்டினேன், மறுபடி பொத்தென்று உட்கார்ந்தேன். சுந்தரம் ஓடிவந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான். வேட்டியைக் கொஞ்சம் விலக்கி முழங்காலைப் பார்த்தான்.

“எவ்வளவு நாளா இப்படி?”

“நீ போனதுலேருந்து.”

டோல்மா சட்டியில் வெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து என் காலில் தேய்க்கப் போனாள். “வேணாம்மா, வேணாம்,” என்று காலை இழுத்துக்கொண்டேன். அதட்டினாள். “சும்மா கெடலே!” சுந்தரம் அவளிடமிருந்து சட்டியை வாங்கி அவனே தேய்த்துவிட்டான். தேய்த்து முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தாமல், “காலைல பஸ்ஸுக்குப் போவோம்ணே. நானும் வாரேன்,” என்றான். அப்பாடா என்று இருந்தது. அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் பிடித்தது.

நாலாம் நாள் விடியும்போதே கடைக்கு வந்துவிட்டோம். டோல்மா எங்களுக்கு முன்னால் எழுந்து டீ இடித்து வைத்திருந்தாள். வழக்கம்போல மரக் கிண்ணத்தில் முதல் டீயை ஊற்றி அலமாரியில் வைத்தாள். பிறகு சுந்தரத்தின் பீங்கான் கிண்ணத்தை எடுத்து, விளிம்பு வரைக்கும் நிரப்பி, இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினாள். அவனும் இரண்டு கையாலும் வாங்கினான். எங்கள் கடைப் பழக்கம் போகாமல், உதட்டில் படாதபடி அண்ணாந்து ஒரே ஒரு மடக்கு குடித்துவிட்டு மேசையில் வைத்துவிட்டான். பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். அவனும் அவளைப் பார்க்கவில்லை, அவளும் அவனைப் பார்க்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. சொந்தக்காரி மாதிரி இத்தனை மாசம் சோறு போட்டவள். இருட்டோடு எழுந்து, கை நோக இடித்துக் கலக்கிய டீ. புறப்படுகிற நேரத்தில் இப்படியா மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வைத்துவிட்டுப் போவான்? அவனுக்காக நானாவது மரியாதை செய்ய வேண்டாமா? எச்சில் படாத கிண்ணம்தானே. எடுத்தேன். மனசாரச் சொல்கிறேன், இத்தனை நாளில் அன்றைக்குத்தான் முகம் சுளிக்காமல் குடித்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்தேன். எங்கள் கடையில் டம்ளரை வைப்பது மாதிரி மேசையில் கவிழ்த்தும் வைத்தேன். “ரொம்ப நல்லா இருந்துச்சும்மா,” என்று கும்பிட்டேன்.

டோல்மா கையில் கெட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள். மறுபடி ஊற்றவில்லை. நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

பஸ் பெருமாள்மலையில் டீக்கு நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். சுந்தரம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவன் அசையவில்லை.

“ஏண்டா உம்முன்னு வர? அந்த அம்மா குடுத்த டீயக் கூடக் குடிக்கல. நான் குடிச்சேனோ, மானம் பொழச்சுதோ.”

“அதக் குடிச்சிருக்கக் கூடாதுண்ணே,” என்றான்.

“ஏன்?”

“வீட்டவிட்டு வெளியூர் போறவங்களுக்கு அப்படித்தான் ஊத்தித் தருவாங்க. போறவங்க ஒரு மடக்குக் குடிச்சுட்டு மிச்சத்த வச்சுட்டுப் போகணும். கிண்ணம் நெறஞ்சு இருந்தா, போனவங்க அதக் குடிக்கத் திரும்பி வருவாங்கன்னு நம்பிக்கை. வீட்டுக்காரருக்கும் அதுக்குத்தான் தெனம் புதுசா ஊத்தி வைக்கிறாங்க.”

“நான் கவுத்துல்ல வச்சேன்?”

“செத்தவங்க கிண்ணத்தத்தான் கவுத்து வைப்பாங்க.”

“அட பாவி! முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“எங்கண்ணே சொல்ல விட்டீங்க? எடுத்தீங்க, குடிச்சீங்க, கவுத்தீங்க. நான் திரும்பிப் பாக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.”

அப்புறம் அவனே சொன்னான். “அவங்களுக்கும் ஒரு தம்பி இருந்தானாம். மேய்ச்சலுக்குப் போனவன். அவனுக்கு ஊத்தி வச்ச கிண்ணம் நெறஞ்சு இருக்கும்போதே ஊரவிட்டு ஓட வேண்டியதாயிப் போச்சாம். இன்னைக்கும் அது அங்க நெறஞ்சேதான் இருக்கும்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. பாய் கிட்டக் கேட்டுத்தான் தம்பிங்கிற வார்த்தையவே கத்துக்கிட்டாங்க. என்னையத்தான் மொதல்ல அப்படிக் கூப்பிட்டுப் பாத்தாங்க.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “விடுங்கண்ணே. நான்தான் இனிமே அங்க போகப் போறதில்லையே. கடைக்கு நான் வேணும்ல.”

நான் கேட்க வந்த வார்த்தை அதுதான். அதற்காகத்தான் நாலு நாள் குளிரில் செத்தேன். கேட்டதும் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. ஓர் அண்டாவைக் கொட்டியவனும் நான்தான், ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்தவனும் நான்தான். இரண்டு தடவையும் நான் செய்தது சரி என்றுதான் நினைத்தேன்.

“அன்னைக்கு நீ பண்ணுனத நான் கொட்டியிருக்கக் கூடாதுலே,” என்றேன். “முந்தாநாள் மத்தியானம் நீ குடுத்த சூப்பு நல்லா இருந்துச்சு. அதுவும் இதுவும் ஒண்ணுதான். அன்னைக்கே வாயில வச்சுப் பாத்திருக்கணும்.”

அவன் மூக்கை உறிஞ்சினான்.

“இப்பப் போயி மறுபடி ஊத்தினாச் செல்லுமா?”

“தெரியலண்ணே. போறவன் கையாலதான் வாங்கிக் குடிச்சு வைக்கணும்.”

“அப்ப எறங்குலே.”

“அண்ணே?”

“எறங்குங்கிறேன்ல! வெரசா!”

கண்டக்டர் டீ டம்ளரோடு ஓடிவந்தார். “பெரியவரே, இந்த வண்டிய விட்டா அடுத்தது சாயங்காலந்தான். அதுவும் வந்தாத்தான்.”

“வந்தா ஏறிக்கிடுறேன். இங்க ஒரு சோலி கெடக்கு,” என்றேன். பையை ஜன்னல் வழியாக இறக்கினோம்.

காய்கறி ஏற்றப் பூம்பாறைக்குக் காலியாகப் போகிற லாரி ஒன்று நிறுத்தியது. முன்னால் இடமில்லை. சுந்தரம் என்னைத் தூக்கிப் பின்னால் ஏற்றினான். உட்கார்ந்தால் திரும்ப எழுப்ப வேண்டுமே என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். அவன் என் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றான். பனிக்காற்று முகத்தில் அறைந்தது. ஒவ்வொரு வளைவிலும் முழங்காலில் உயிர் போயிற்று. இறங்குவதற்காக ஏறினவன் மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறேனே என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

குடோனில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆள் யாரும் இல்லை. டோல்மா மட்டும் பலகையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் கவிழ்த்து வைத்த கிண்ணம் அப்படியே மேசையில் இருந்தது. அவள் அதைத் தொடக்கூட இல்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அழுத முகம்.

நேரே மேசைக்குப் போய், அந்தக் கிண்ணத்தை என் கையாலேயே நிமிர்த்தினேன்.

“தெரியாம செஞ்சுட்டேம்மா. மன்னிச்சுக்கங்க. நெறைய ஊத்துங்க. தைப்பூசம் முடியட்டும், பங்குனி உத்தரம் முடியட்டும். பெறகு நானே இவன இங்க அனுப்பி வைக்கிறேன்.”

“அண்ணே, நெசமாவா?” என்றான் சுந்தரம்.

“அந்தம்மாவுக்கு மொதல்ல சொல்லுலே.”

அவளுக்குத் தெரிந்த இந்தியிலும் அரைத் தமிழிலும் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னான். எங்கள் பழனிக் கடைக்கு வடக்கத்தி யாத்திரைக்காரர்கள் வந்து வந்து அவன் கற்ற இந்தி அது. அவள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். கெட்டிலை எடுத்தாள். விளிம்பு வரைக்கும் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினாள். சுந்தரம் வாங்கி ஒரு மடக்கு குடித்தான். இந்தத் தடவை அவளுடைய முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தான். அவள் அதை அலமாரியில் வீட்டுக்காரரின் மரக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பிறகு இன்னொரு கிண்ணத்தை எடுத்துத் துடைத்தாள். அதையும் நிரப்பினாள். என்னிடம் நீட்டினாள்.

“ஏலே,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

லாரியில் நின்று வந்த குளிர் எலும்பு வரை இருந்தது. கிண்ணத்திலிருந்து ஆவி வந்தது. நாலு நாளில் அன்றைக்குத்தான் அந்த உப்பு டீ எனக்குக் குடிக்க வேண்டும் போலிருந்தது. விட்டால் ஒரே மூச்சில் உள்ளே போயிருக்கும். ஒரு மடக்கு குடித்தேன். மிச்சத்தை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.